ஏப்ரல் முதல் தேதி கதவு திறக்க வேண்டும்

*நியூயார்க்கின் காலி மனைகளில் ஐம்பது ஆண்டுகளாகக் காய்கறி விளைகிறது. ஒவ்வொரு வசந்தத்துக்கும் முன்னால் அங்கே மண்ணைத் தயார் செய்கிறார்கள். கூடவே, அந்த நிலத்தில் தாங்கள் இருப்பதற்கான நியாயத்தையும் தயார் செய்கிறார்கள்.*

மார்ச் மாதத்துச் சனிக்கிழமைக் காலை. புரூக்ளினின் கிழக்கு ஓரம், ஈஸ்ட் நியூயார்க். தூண்களின் மேல் ஓடும் பாதையில் ரயில் தடதடத்துப் போகிறது. கீழே, கம்பி வேலி போட்ட ஒரு மனைக்கு முன்னால் லாரி ஒன்று மக்கிய உரத்தைக் கொட்டிவிட்டுக் கிளம்புகிறது. குவியலிலிருந்து ஆவி எழுகிறது. குல்லாவும் கனத்த கோட்டுமாக நிற்கும் பெரியவர் வங்காள மொழியில் பேரனை அதட்டுகிறார். ஜமைக்காக்காரப் பாட்டி தள்ளுவண்டிச் சக்கரத்தைக் காலால் அழுத்திப் பார்த்து, காற்று இல்லை என்று உதட்டைப் பிதுக்குகிறார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலு பேர் மண்வாரியை வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். மதியத்துக்குள் குவியல் முழுவதும் வேலிக்குள் போயாக வேண்டும். நடைபாதையை மறித்துக் கிடந்தால் யாராவது புகார் சொல்வார்கள்.

குளிர் விடும் நாட்களில் நகரின் ஏதாவது ஒரு மூலையில் இந்தக் காட்சி நடந்துகொண்டே இருக்கும். மாநகராட்சியின் 'கிரீன்தம்ப்' திட்டத்தின் கீழ் மட்டும் 550-க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. உழைப்பவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்துக்காரர்கள். சம்பளம் கிடையாது. பெரும்பாலான இடங்களில் நிலமும் அவர்களுடையது இல்லை. மாநகராட்சி நிலத்தில் உரிமப் பத்திரத்தோடு பயிர் செய்கிறார்கள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், பட்டா இல்லாத சாகுபடி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தோட்டம் நன்றாக இருந்தால் தெரு நன்றாகிறது. தெரு நன்றானால் மனை விலை ஏறுகிறது. விலை ஏறினால் முதலில் கண்ணில் படுவது, கட்டடம் இல்லாமல் கிடக்கும் அந்தத் தோட்டம்தான். தாங்கள் போடும் உரத்தில் தங்களுக்கு எதிரான வழக்கும் சேர்ந்து வளர்கிறது என்பது இந்தத் தோட்டக்காரர்களில் மூத்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மண் காயட்டும், பொறு

இங்கே வசந்தம் சேற்றோடு தொடங்குகிறது. குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்த மண் மார்ச்சில் இளகும். ஈரத்தோடு அவசரப்பட்டு வெட்டினால் மண் கட்டிகட்டியாக இறுகிவிடும். பிறகு கோடை முடியும்வரை அதோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால் அனுபவசாலிகள் ஒரு கைப்பிடி மண்ணை உருட்டி, கட்டைவிரலால் தட்டிப் பார்ப்பார்கள். உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். உதிராமல் நின்றால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

பட்டாணிக்கு நாள் குறித்தாயிற்று. ஐரிஷ்காரர்களின் புனித பேட்ரிக் திருநாளான மார்ச் 17. நமக்கு ஆடிப்பட்டம் எப்படியோ அப்படி இந்தத் தோட்டக்காரர்களுக்கு அந்தத் தேதி. அதையொட்டிக் கீரை, முள்ளங்கி, காலே. போன அக்டோபரில் ஊன்றிய பூண்டு அதற்குள் பச்சை முனை காட்டியிருக்கும். திராட்சைக் கொடியையும் பழ மரங்களையும் மொட்டு வெடிப்பதற்குள் கவாத்து செய்தாக வேண்டும்.

தக்காளியும் மிளகாயும் இன்னும் வீட்டு ஜன்னலோரத்தில்தான். குளிர் கடைசியாக எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. கடைசி உறைபனி பெரும்பாலும் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டாலும், இரவுக் குளிர் பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்வரை தக்காளி நாற்று முறைத்துக்கொண்டு நிற்குமே தவிர வளராது. மே மாதம் இரண்டாவது ஞாயிறு, அன்னையர் தினம் கழிந்த பிறகே பலரும் அதை வெளியே நடுகிறார்கள். அதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் நாற்றைப் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்து, காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குவார்கள். அடுக்குமாடியின் நாலாவது மாடியில் இருப்பவருக்கு இது எப்படிப்பட்ட வேலை என்று நினைத்துப் பாருங்கள்.

சருகு பெருக்குவதில்கூட இப்போது சண்டை. பழைய தலைமுறைக்குத் தோட்டம் மார்ச்சிலேயே பளிச்சென்று இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள், காய்ந்த தண்டுகளின் உள்ளே நாட்டுத் தேனீக்கள் உறங்குகின்றன, வெயில் ஏறும்வரை தொடாதீர்கள் என்கிறார்கள். பூச்சியியல் இளைஞர்கள் பக்கம். ஆனால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு அது கவனிப்பாரற்ற மனையாகத் தெரியுமே என்ற பெரியவர்களின் பயத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. அந்தப் பயம் ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

தண்ணீருக்குத் தனிக் கதை. பல தோட்டங்களில் சொந்தக் குழாய் கிடையாது. தெருமுனையில் நிற்கும் தீயணைப்புக் குழாயில்தான் ஹோஸ் மாட்ட வேண்டும். அதற்கு மாநகராட்சியின் தண்ணீர்த் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். தோட்டத்துத் தண்ணீர் திரும்பிப் போய்க் குடிநீரில் கலந்துவிடாதபடி தடுக்கும் கருவியும் பொருத்த வேண்டும். விதை போடுவதற்கு முன் விண்ணப்பம் போட வேண்டிய விவசாயம் இது.

அடியில் கிடக்கும் ஈயம்

இந்த மனைகள் எதுவும் வயலாக இருந்தவை அல்ல. வீடுகள் எரிந்தும் இடிந்தும் போன இடங்கள். அடியில் செங்கல், கண்ணாடி, பழைய சாயம். வீடுகளுக்கு ஈயச் சாயம் பூசுவதை நியூயார்க் 1960-லும் நாடு முழுவதும் 1978-லும் தடை செய்தார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் சாலை வாகனங்களிலிருந்து முழுமையாக ஒழிய 1996 ஆயிற்று. அதுவரை சேர்ந்த ஈயம் மண்ணைவிட்டு எங்கும் போகவில்லை. ஈயம் மக்காது, ஆவியாகாது, மழையில் எளிதில் கரைந்தும் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது.

ஆகவே நியூயார்க்கில் தரையில் நேரடியாக விதைப்பவர்கள் குறைவு. மரச் சட்டம் அடித்து, அடியில் துணி விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்பி மேட்டுப்பாத்தி போடுகிறார்கள். நாலடிக்கு எட்டடி, ஓரடி உயரம் என்பது வழக்கமான அளவு. அதை நிரப்பவே 32 கன அடி மண் வேண்டும். மக்கு உரம் ஆண்டுக்கு ஆண்டு அமிழ்ந்துபோகும். ஒவ்வொரு மார்ச்சிலும் மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடைபாதையில் லாரி குவித்துவிட்டுப் போவது இதற்குத்தான். மரமும் ரசாயனம் ஏற்றாத மரமாக இருக்க வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் ஏற்றிய பலகைகள் 2003 கடைசிவரை அமெரிக்க வீட்டு உபயோகத்துக்கு விற்கப்பட்டன. பழைய பாத்திகளில் அவை இன்னும் இருக்கலாம்.

2024 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடியிருப்பு மண்ணில் கவலைப்பட வேண்டிய ஈய அளவை ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்தது. நேற்றுவரை 'பரவாயில்லை' என்றிருந்த மண் ஒரே நாளில் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. பக்கத்து வெறும் தரையிலிருந்து மழைத்துளி தெறித்தும் தூசி பறந்தும் நல்ல பாத்தியிலும் ஈயம் ஏறும். நடைபாதைகளில் மரத்தூள் கொட்டுவதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை.

சுத்தமான மண் எங்கிருந்து வருகிறது? இதில்தான் வேடிக்கை. நியூயார்க் மாநகராட்சி ஒரு 'மண் வங்கி' நடத்துகிறது. அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஆழத்திலிருந்து, பனியாறுகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன, மனிதக் கை படாத மண் வரும். அதைச் சோதித்து, மக்கு உரம் கலந்து, தோட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். எந்தக் கட்டுமான அலை தோட்டத்தை விழுங்கப் பார்க்கிறதோ, அதே அலைதான் தோட்டத்துக்கு மண்ணும் கொண்டுவந்து போடுகிறது.

உரத்தின் பக்கம் நிலைமை அவ்வளவு சுகமாக இல்லை. 2023 கடைசியில் மேயர் எரிக் ஆடம்ஸ் நிர்வாகம் சமூக உரக் குழுக்களுக்கான நிதியை வெட்டியது. 1993-லிருந்து நடந்துவந்த திட்டம் அது. அனுபவமுள்ள பணியாளர்கள் வேலை இழந்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2024 பட்ஜெட்டில் நகர மன்றம் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் உரக்குழி பட்ஜெட் தேதிக்குத் தக்கபடி வேலை செய்யாது. குளிர்காலத்தில் சேர்க்காத காய்கறிக் கழிவு வசந்தத்தில் உரமாகாது.

---

■ சில எண்கள்

1 டாலர்: நகரின் முதல் சமூகத் தோட்டத்துக்கு 1974-ல் மாநகராட்சி கேட்ட மாத வாடகை.

1978: கிரீன்தம்ப் தொடங்கிய ஆண்டு. அமெரிக்காவின் மிகப் பெரிய நகரத் தோட்டத் திட்டம் இதுதான் என்று சொல்லிக்கொள்கிறது. 20,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள்.

20 மணி நேரம்: ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை ஒவ்வொரு வாரமும் தோட்டம் பொதுமக்களுக்குக் குறைந்தது இவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும். உரிமத்தின் முக்கிய நிபந்தனை.

42 லட்சம் டாலர்: 1999-ல் ஏலத்துக்கு வந்த நூற்றுப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்களை மீட்டெடுத்த தொகை.

1.4 சதவீதம்: 2023 கணக்கெடுப்பில் நியூயார்க்கில் காலியாக இருந்த வாடகை வீடுகளின் பங்கு. 1960-களின் இறுதிக்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை.

---

பலூனில் விதை

கதையின் தொடக்கம் சுருக்கமானது. 1970-களில் நியூயார்க் திவாலாகும் நிலையில் இருந்தது. வாடகை வராத கட்டடங்களை உரிமையாளர்கள் கைவிட்டார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகக் கொளுத்தியவர்களும் உண்டு. வரி கட்டாத மனைகள் மாநகராட்சி கைக்கு வந்தன. அதற்கும் அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. குப்பை, எலி, ஊசி.

1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் நண்பர்களும் மன்ஹாட்டனில் பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு குப்பை மனையைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். 'கிரீன் கெரில்லாஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பூட்டிய மனைகளுக்குள் விதையும் உரமும் நிரப்பிய பலூன்களை வேலிக்கு மேலே வீசினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் மாநகராட்சி அந்த இடத்தை மாதம் ஒரு டாலருக்கு வாடகைக்குக் கொடுத்தது. லிஸ் கிறிஸ்டி 1985-ல் இளம் வயதிலேயே இறந்தார். தோட்டம் அவர் பெயரில் இன்றும் இருக்கிறது.

ஆனால் இதை வெள்ளைக்கார ஓவியர்களின் கதையாக மட்டும் சொல்வது பத்திரிகைகளின் பழைய வழக்கம். அதற்கும் முன்பே புரூக்ளினின் பெட்ஃபோர்ட் ஸ்டைவெசன்ட்டில் ஹாட்டி கார்த்தன் என்ற கறுப்பினப் பெண்மணி, அறுபது வயதைத் தாண்டிய நிலையில், தெருத் தெருவாக மரம் நடவைத்துக்கொண்டிருந்தார். வெட்டப்படவிருந்த ஒரு மக்னோலியா மரத்துக்காகப் போராடி, 1970-ல் அதை நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கவைத்தார். தெற்கு பிராங்க்ஸிலோ போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள் இடிபாட்டு மனைகளில் தங்கள் ஊர்ப் பாணியில் சின்ன மரக்குடில் போட்டு, முன்னால் காய்கறி வைத்து, மாலையில் பறை போன்ற தோல் கருவிகளைக் கையால் தட்டிப் பாடினார்கள். மாநகராட்சி திரும்பிப் பார்க்காத இடங்களில் ஊர் தானாகவே உருவாயிற்று.

சிள்வண்டுகள் புகுந்த ஏலம்

தொண்ணூறுகளில் நகரம் பணக்கார நகரமானது. மேயர் ரூடி ஜூலியானிக்கு இந்தத் தோட்டங்கள் விற்காமல் விட்ட சொத்துகள். 1998-ல் நூற்றுக்கணக்கான தோட்டங்களை வீட்டு வசதித் துறைக்கு மாற்றினார். அந்த ஆண்டு ஜூலையில் காவல்துறைத் தலைமையகத்தில் நடந்த சொத்து ஏலத்துக்குள் போராட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கான சிள்வண்டுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஏலம் கேட்க வந்தவர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். சூரியகாந்தி வேடம், வண்டு வேடம் போட்டுக்கொண்டு ஊர்வலங்கள் நடந்தன.

1999 மே மாதத்தில் நூற்றுப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் ஏலத்துக்கு வரவிருந்தன. அதற்கு முதல் நாள் உடன்பாடு எட்டப்பட்டது. பொது நிலங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளையான 'டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்' 30 லட்சம் டாலரும், நடிகை பெட் மிட்லர் தொடங்கிய 'நியூயார்க் ரெஸ்டொரேஷன் புராஜெக்ட்' 12 லட்சம் டாலரும் கொடுத்து அவற்றை வாங்கின. ஊருக்குச் சொந்தமான நிலத்தை ஊர்க்காரர்களுக்காக ஊரிடமிருந்தே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

எல்லாருக்கும் நடிகை கிடைக்கவில்லை. 2000 பிப்ரவரியில் கிழக்கு ஏழாவது தெருவின் 'எஸ்பெரான்சா' தோட்டத்தில், போர்ட்டோ ரிக்கோவின் கோக்கீ தவளை வடிவில் ராட்சத பொம்மை செய்து அதற்குள் ஆட்கள் படுத்துக் காவல் காத்தார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் நீதிமன்றத்தில் தடை கேட்டுக்கொண்டிருந்த அதே காலையில் புல்டோசர் உள்ளே புகுந்துவிட்டது. தடை உத்தரவு வந்தபோது தோட்டம் இல்லை. 2002-ல் மேயர் புளூம்பர்க் காலத்தில் அரசும் நகரமும் செய்துகொண்ட சமரசம் பெரும்பாலான தோட்டங்களுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. சிலவற்றைக் கட்டுமானத்துக்கு விட்டுக்கொடுத்தது.

செழித்தால் வரும் ஆபத்து

மூத்த தோட்டக்காரர்களின் பயத்துக்குக் கணக்கு ஆதாரமும் இருக்கிறது. இயோன் வோய்க்கு, நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்கி பீன் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, தோட்டம் திறந்த பிறகு ஆயிரம் அடி தூரத்துக்குள் சொத்து விலை என்ன ஆயிற்று என்று பார்த்தது. ஏறியிருந்தது. மிக ஏழ்மையான வட்டாரங்களில் அதிகம் ஏறியிருந்தது; ஐந்து ஆண்டுகளுக்குள் 9.4 சதவீதப் புள்ளிகள்வரை.

தோட்டத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்த எண்ணைப் பெருமையாகச் சொல்வார்கள். பார், நாங்கள் நகரத்துக்கு வருமானம் கொண்டுவருகிறோம் என்று. வாதம் சரிதான். ஆனால் அந்தத் தெருவில் வாடகைக்கு இருப்பவரின் பக்கத்திலிருந்து இதே எண்ணைப் படித்துப் பாருங்கள். பதினைந்து வருஷம் குப்பை அள்ளி, ஈய மண்ணுக்கு மேல் நல்ல மண் கொட்டி, பூஞ்செடி வைத்தவர் அவர். ஏறிய விலை வீட்டுக்காரர் கைக்குப் போகிறது. ஏறிய வாடகை அவர் தலையில் விழுகிறது. ஹாட்டி கார்த்தன் மரம் நட்ட பெட்ஃபோர்ட் ஸ்டைவெசன்ட்டில் பழைய கல்வீடுகள் இன்று பத்து லட்சம் டாலருக்கும் மேல் கைமாறுகின்றன. மரம் நட்ட குடும்பங்களில் எத்தனை அங்கேயே இருக்க முடிந்தது என்பது வேறு விஷயம்.

ஈஸ்ட் நியூயார்க்குக்கு அந்த அலை பிந்தி வந்தது. 2016 ஏப்ரலில் நகர மன்றம் அந்த வட்டாரத்தில் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி தரும்படி மண்டல விதிகளை மாற்றியது. மேயர் டி பிளாசியோவின் வீட்டு வசதித் திட்டத்தில் இப்படி விதி மாற்றிய முதல் வட்டாரம் அதுதான். வீடு வேண்டும் என்பதில் அங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யாருக்கு வீடு என்பதில்தான்.

வீடா, தோட்டமா

இந்தக் கேள்வியைத் தோட்ட ஆர்வலர்கள் விரும்புவதில்லை. ஆனால் நூறு வாடகை வீடுகளில் ஒன்றரை வீடுகூடக் காலியாக இல்லாத ஊரில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. 2015 தொடக்கத்தில் வீட்டு வசதித் துறை, குறைந்த வாடகை வீடு கட்டத் தோதான 181 மனைகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் விளைந்துகொண்டிருந்த தோட்டங்களும் இருந்தன. தோட்டக்காரர்களில் பலருக்குப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரியும். அந்த ஆண்டு டிசம்பரில் 34 தோட்டங்கள் பூங்காத் துறைக்கு மாற்றப்பட்டுத் தப்பின. 9 தோட்டங்கள் கட்டுமானத்துக்குப் போயின.

அந்த ஒன்பதைப் பற்றி உலகம் அதிகம் பேசவில்லை. உலகம் பேசியது எலிசபெத் தெருத் தோட்டத்தைப் பற்றி. மன்ஹாட்டனின் நோலிட்டாவில், அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த இடம். சிலைகளும் புல்வெளியுமாக இருக்கும், காய்கறி கிடையாது. பக்கத்துக் கலைக்கூடத்தின் உரிமையாளர் 1991-லிருந்து மாநகராட்சியிடம் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த மனை. பல ஆண்டுகள் அந்தக் கலைக்கூடத்தின் வழியாகத்தான் உள்ளே போக முடியும். அங்கே வீடு கட்டப்போகிறார்கள் என்ற செய்தி பரவிய 2013-ல்தான் தன்னார்வலர்கள் தெருப்பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தார்கள்.

திட்டமிட்டது முதியோருக்கான 123 குறைந்த வாடகை வீடுகள். தகராறு பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. 2024 ஜூனில் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநகராட்சி பக்கம் தீர்ப்பளித்தது. ராபர்ட் டி நீரோ, மார்ட்டின் ஸ்கார்செசி, பேட்டி ஸ்மித் போன்றவர்கள் மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். 2025 ஜூனில் ஆடம்ஸ் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. பதிலாக வேறு மூன்று இடங்களில் 620-க்கும் மேற்பட்ட வீடுகள் வரும் என்றது. பதவி முடியும் முன் நவம்பரில் அதைப் பூங்கா நிலமாகவும் அறிவித்தது. நியூயார்க்கில் பூங்கா நிலத்தில் கை வைக்க மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஆக அந்தத் தோட்டத்துக்குக் கிட்டத்தட்ட பட்டாவே கிடைத்துவிட்டது.

இது நல்ல முடிவா? அழகான இடம் பிழைத்தது என்பதில் சந்தோஷம்தான். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன் ஹார்லெமிலோ புரூக்ளினிலோ பாகலும் பூசணியும் விளைந்த மனைகளுக்காக ஹாலிவுட்டிலிருந்து கடிதம் வரவில்லை. வாடகை வீட்டுக்காகக் காத்திருக்கும் முதியவருக்கு 'வேறு மூன்று இடம்' என்பது இன்னும் எத்தனை ஆண்டு என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. வீடும் தோட்டமும் ஒன்றையொன்று தின்னும்படி ஏன் மோதவிட்டார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது. வாகன நிறுத்தத்துக்கும் ஒற்றை மாடிக் கடைக்கும் விட்டுவைத்த நிலம் அந்த நகரில் ஏராளம். அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், வக்கீல்கள் இருக்கிறார்கள். தோட்டத்துக்குத் தள்ளுவண்டிதான் இருக்கிறது.

---

■ மார்ச் முதல் மே வரை: தோட்டத்து நாட்காட்டி

மார்ச் முதல் பாதி: கவாத்து, பாத்திச் சட்டங்களைப் பழுது பார்த்தல், மண் பரிசோதனைக்கு அனுப்புதல். வீட்டு ஜன்னலில் தக்காளி, மிளகாய், கத்தரி விதை.

மார்ச் பின்பாதி: மண் உதிர்ந்தால் பட்டாணி, கீரை, முள்ளங்கி. உரக் குவியல் வந்து சேரும். கிரீன்தம்பின் ஆண்டு மாநாடும் வழக்கமாக வசந்தத்தின் வாசலில்தான்.

ஏப்ரல்: பொதுமக்களுக்குக் கதவு திறப்பு. தண்ணீர்க் குழாய் அனுமதி, தடுப்புக் கருவி பொருத்தல். பீட்ரூட், கேரட். பாத்தி ஒதுக்கும் கூட்டம்; குரல்கள் உயரும்.

மே: பந்தல் கட்டுதல். இரண்டாவது ஞாயிறு தாண்டித் தக்காளி. மாதக் கடைசியில் சுரை, பாகல், பீன்ஸ்.

---

பந்தலுக்கு அடியில்

தமிழ் வாசகர் ஈஸ்ட் நியூயார்க் தோட்டத்துக்குள் மே மாதக் கடைசியில் நுழைந்தால் கொஞ்சம் திகைத்துப்போவார். மூங்கிலும் பழைய குழாயும் கயிறும் வைத்துப் பந்தல் போட்டிருப்பார்கள். கோடையில் அதில் சுரையும் பாகலும் தொங்கும், கீழே கொடிப்பசலை படரும். வங்கதேசத்திலிருந்து வந்த குடும்பங்களின் கைவண்ணம். பக்கத்துப் பாத்தியில் ஜமைக்காப் பாட்டி வளர்ப்பது கலலூ. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் தண்டுக்கீரையின் சொந்தக்கார இனம்தான். இரண்டு வீட்டிலும் வதக்கும் விதம்தான் வேறு. விதை வேலி தாண்டிப் போகிறது, வருகிறது.

1998-ல் தொடங்கிய 'ஈஸ்ட் நியூயார்க் ஃபார்ம்ஸ்' என்ற அமைப்பு இந்தத் தோட்டங்களின் விளைச்சலை வாரச்சந்தைக்குக் கொண்டுவந்தது. வட்டாரத்துப் பதின்ம வயதுப் பிள்ளைகளை ஊதியம் கொடுத்து வேலைக்கு எடுத்து, விதைப்பதிலிருந்து விற்பதுவரை பழக்குகிறது. நல்ல காய்கறிக்கடை இல்லாத வட்டாரத்தில் அந்தச் சந்தையின் அருமை அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பிராங்க்ஸில் கேரன் வாஷிங்டன் என்பவர் 1988-ல் தன் வீட்டுக்கு எதிரே குப்பை மனையாகக் கிடந்த இடத்தில் அக்கம்பக்கத்தாரோடு தோட்டம் போட்டது, பிறகு கறுப்பின விவசாயிகளுக்கான நாடு தழுவிய அமைப்பு ஒன்றை உருவாக்குவதுவரை போயிற்று. பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்த்துக்கொண்டே செய்தார்.

வருமானம் என்று பார்த்தால் பாத்தி ஒன்றில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஆனால் ஊரில் பழகிய கீரை கடையில் கிடைக்காத நாட்டில், அதைப் பறித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க முடிகிற ஒரு மனுஷிக்குத் தெருவில் ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. ஆங்கிலம் வராத மாமியார்கள் கூட்டத்தில் கை தூக்கிப் பேசுவது இங்கேதான். ஏப்ரல் மாதப் பாத்தி ஒதுக்கீட்டுக் கூட்டங்கள் பல இரண்டு, மூன்று மொழிகளில் நடக்கின்றன. சண்டையும் மூன்று மொழிகளில்.

சாவி யாரிடம்

எழுபதுகளில் குப்பை அள்ளிய தலைமுறைக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. குனிந்து களை எடுக்க முடியாது. சாவியை யாரிடம் கொடுப்பது என்பது எல்லாத் தோட்டங்களிலும் நடக்கும் பேச்சு. புதிதாகக் குடிவந்த இளைஞர்கள் ஆர்வமாக வருகிறார்கள். மின்னஞ்சல் எழுதுவார்கள், நிதி விண்ணப்பம் நிரப்புவார்கள். அவர்களில் பலர் இரண்டு ஆண்டில் வீடு மாறிப் போய்விடுவார்கள். அந்தத் தெருவின் வாடகை ஏறியதற்கு அவர்களும் ஒரு காரணம் என்ற மனக்குறை பழையவர்களுக்கு உண்டு. வாய்விட்டுச் சொல்வதில்லை, சாவியைக் கொடுக்கத் தயங்குவதில் தெரியும்.

ஆனால் பூட்டிய தோட்டம் பிழைக்காது. வாரத்துக்கு 20 மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சிலர் அதிகாரிகளின் தொல்லையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது அவர்களின் ஒரே கேடயமாகத் தெரிகிறது. ஏலத்திலோ மன்றத்திலோ பட்டியலிலோ தோட்டத்தின் பெயர் வரும்போது, "அது சில பேருடைய தனித் தோட்டம்" என்று எதிர்த்தரப்பு சொல்ல முடியாதபடி செய்வது திறந்த கதவும் அதன் வழியே வந்துபோன ஆட்களும்தான். எலிசபெத் தெருக்காரர்கள் இதைப் பிந்திப் புரிந்துகொண்டார்கள். ஏழை வட்டாரத்துக்காரர்களுக்கு அது ஆரம்பத்திலேயே தெரியும். சருகு பெருக்குவதில் மூத்தவர்கள் காட்டும் பிடிவாதமும் இந்த வகைதான். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்காகச் செய்வது.

மே மாதம் தக்காளி நட ஆள் தேட வேண்டியதில்லை, கூட்டமாக வருவார்கள். புதன்கிழமை மாலை ஐந்திலிருந்து ஏழுவரை கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வரலாமா என்று தயங்குகிறவரை வாங்க என்று கூப்பிட ஆள் கிடைப்பதுதான் பாடு. அதனால் சில தோட்டங்களில் இப்போது பாத்தி கேட்டு வருபவரிடம் எந்தக் காய் போடப்போகிறீர்கள் என்று கேட்பதில்லை. எந்தக் கிழமை வந்து கதவைத் திறப்பீர்கள் என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொண்ட பிறகுதான் பாத்தியைக் காட்டுகிறார்கள்.